வடக்கே விட்டால் வீட்டுக்கு வருமா? பந்தயப் புறாக் குஞ்சுகளைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து நெல்லூர் நெடுஞ்சாலையில் வந்தால் தமிழ்நாடு முடிகிற இடம். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் ஆந்திராவின் தடா. மாடியில் நாற்பது ஹோமர் புறாக்கள், அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள், வைத்திருக்கிறேன். சென்னைப் பந்தயக்காரர்கள் வடக்கே கொண்டுபோய்த்தான் புறா விடுவார்கள் என்பதால், கூடை ஏற்றிய வண்டிகளை எங்கள் ஊர் டீக்கடையில் பார்த்துப் பார்த்தே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

குஞ்சுக்கு எந்த வயதில் பழக்கத்தை ஆரம்பிக்க வேண்டும்?

முட்டை 17, 18 நாளில் பொரியும். ஏழாம் நாள் வாக்கில் காலில் ரிங் போட்டுவிட வேண்டும். முன் மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் விட்டு, பின் விரலைக் காலோடு ஒட்டவைத்து மேலே தள்ளி, அப்புறம் அந்த விரலை மெல்ல வெளியே இழுத்துவிடுவது. ரொம்பத் தள்ளிப்போட்டால் கால் தடித்து வளையம் ஏறாது. அவசரப்பட்டு மூன்றாம் நாளே போட்டால் இரவில் கழன்று எச்சத்தில் கிடக்கும்.

25 முதல் 28 நாளுக்குள் தாயைவிட்டுப் பிரிக்கலாம். நாளை எண்ணுவதைவிட இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சிறகு மூடியிருக்கிறதா, தானாகத் தானியம் பொறுக்குகிறதா என்று பார்த்தால் போதும். பிரித்த அன்று ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு முறை தொட்டு எடுங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஒரு நாள் முழுக்க வாடிக்கிடக்கும் குஞ்சுகள் உண்டு.

முதல் முறை எப்போது வெளியே விடலாம்?

அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். குஞ்சு நன்றாகப் பறக்கட்டும், பிறகு திறக்கலாம் என்று இரண்டு மாதம் அடைத்தே வைக்கிறார்கள். இறக்கையில் பலம் வந்த பிறகு, ஊரே தெரியாத பறவையை வெளியே விட்டால் ஒரே எழும்பில் போய்விடும். எங்கே இறங்குவது என்று அதற்கும் தெரியாது. நான் பிரித்த மூன்றாம் நாளே கூண்டு வாசலில் ஒரு கம்பிப் பெட்டி பொருத்திவிடுவேன். பக்கமும் மேலும் கம்பி வலை, கீழே பலகை. குஞ்சுகள் அதற்குள் வந்து நின்று பக்கத்து வீட்டு வேப்ப மரம், தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதை எல்லாவற்றையும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். ஒரு வாரம், பத்து நாள் இப்படி.

அப்புறம் ஒரு மாலை, தீனிக்கு ஒரு மணி நேரம் முன், பெட்டியை எடுத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். விரட்டாதீர்கள். கை தட்டாதீர்கள். அவை தாமாக நடந்து வெளியே வரும், சுவர் மேல் ஏறும், ஒன்றிரண்டு படபடத்து மாடித் தரையில் இறங்கும். அன்றைக்கு அவ்வளவுதான். காற்று பலமாக அடிக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடும்.

பசியோடு விடச் சொல்கிறார்கள். எவ்வளவு பசி?

மாலைத் தீனிக்கு ஏங்குகிற பசி, அவ்வளவே. ஒரு ஹோமருக்கு நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் போதும். வளரும் குஞ்சைப் பட்டினி போட்டால் இறகில் கோடு விழும். அது அந்த இறகு உதிரும் வரை மாறாது. காலையில் கொஞ்சமாகப் போட்டு, மாலையில் இறங்கி உள்ளே வந்த பிறகு வயிறாரக் கொடுப்பது என் வழக்கம்.

தீனி போடும்போதெல்லாம் ஒரே சத்தம் கொடுங்கள். என்னிடம் இருப்பது பழைய பால்பவுடர் டப்பா, உள்ளே ஒரு பிடி மக்காச்சோளம். அதைக் குலுக்கினால் வானத்தில் சுற்றும் குஞ்சும் தலையைத் திருப்பும். சில பேர் விசில் அடிப்பார்கள். எதுவானாலும் சரி, மாற்றாதீர்கள். ஒரு முறை என் மனைவி அந்த டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். புது டப்பாவுக்கு அவை பழக நாலு நாள் ஆனது.

அண்ணா, சந்தையில் பெரிய ஹோமர் ஜோடி வாங்கினேன். அதையே பழக்கிப் பறக்கவிடலாமா?

வேண்டாம் தம்பி. வேறு கூண்டில் பறந்து பழகிய ஹோமரை நீங்கள் ஆறு மாதம் அடைத்து வைத்திருந்தாலும், திறந்த அன்றே பழைய வீட்டுக்குப் போகப் பார்க்கும். அதற்காகத்தானே அது ஹோமர். அடைத்தே வைத்து முட்டை எடுங்கள், குஞ்சுகளைப் பழக்குங்கள்.

உள்ளே நுழைய என்ன வாசல் வைப்பது?

தொங்கும் கம்பி போட்ட ஒருவழி வாசல். வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும், உள்ளிருந்து திறக்காது. முதல் வாரம் கம்பிகளை மேலே கட்டிவைத்து வெறும் ஓட்டையாகப் பழக்குங்கள். அடுத்த வாரம் இரண்டு கம்பியை இறக்கிவிடுங்கள். அப்புறம் முழுவதும். பந்தயத்தில் புறா வந்து கூரையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் கணக்கில் சேரும். ஆகவே இறங்கியதும் உள்ளே போகும் பழக்கம் பறப்பதற்குக் குறைந்த விஷயம் இல்லை.

குஞ்சுகள் கூட்டமாகப் போய் ஒரு மணி நேரமாகக் கண்ணிலேயே படவில்லை. போய்விட்டனவா?

சந்தோஷப்படுங்கள். இரண்டரை, மூன்று மாத வயதில் அவை மாடியை மட்டும் சுற்றுவதை விட்டுவிட்டு, கூட்டமாக எங்கோ போய் அரை மணி, ஒரு மணி கழித்து வேறு திசையிலிருந்து திரும்பும். சுற்றுவட்டாரத்தைத் தாமாகவே படித்துக்கொள்கிற காலம் அது. முதல் தடவை எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஏரிப் பக்கம் போனவை ரயில் பாதைப் பக்கமிருந்து வந்தன. இப்படி இரண்டு வாரமாவது சுற்றாத குஞ்சுகளைக் கூடையில் ஏற்ற வேண்டாம். மாடியிலேயே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டால் பாதிதான் மிஞ்சும்.

எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் விடுவது?

நீங்கள் எந்தப் பாதையில் பந்தயம் விடப்போகிறீர்களோ அந்தப் பாதையிலேயே. எங்களுக்கு வடக்கு. ஆரம்பாக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய தடா 5 கிலோமீட்டர், சூளூர்பேட்டை 20, நாயுடுபேட்டை 45, கூடூர் 75, நெல்லூர் 110, ஓங்கோல் 230. சென்னைக்காரர்கள் இதோடு அறுபது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டியில் ஏற்றும் முன் இரண்டு இரவு குஞ்சுகளைக் கூடைக்குள்ளேயே தூங்கவிடுங்கள், அதற்குள்ளேயே தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். பிறகு முதல் டாஸ், அதாவது பழக்குவதற்காகக் கொண்டுபோய் விடுவது, தடா தாண்டி. அதே இடத்தில் இரண்டு, மூன்று முறை. அடுத்தது பத்து, சூளூர்பேட்டை, முப்பது, நாயுடுபேட்டை. ஒரு இடத்திலிருந்து கூட்டம் வேகமாக, ஒன்றாக வந்த பிறகே அடுத்த இடம். முந்தின நாள் தாமதமாக வந்திருந்தால் அதே இடத்தில் மறுபடி விடுங்கள், இல்லையென்றால் இன்னும் கிட்டத்தில் விடுங்கள். நாற்பது, ஐம்பது கிலோமீட்டரிலிருந்து எட்டு, பத்து முறை நன்றாக வந்த குஞ்சுகளுக்குக் கூடூரும் நெல்லூரும் பெரிய விஷயமாக இருக்காது. முதல் படிகளில்தான் பொறுமை வேண்டும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக் கூடாது. எங்களுக்கு இன்னொரு சங்கடம் கிழக்கே பழவேற்காடு ஏரி. பரந்த நீர்ப்பரப்பைக் கடக்கப் புறாவுக்குப் பிடிக்காது. ஏரிக்கரையில் கூடையைத் திறந்தால் முதலில் மேற்கே விலகி, சுற்றி, நேரத்தை வீணாக்கும். நெடுஞ்சாலைக்கு மேற்குப் பக்கம் ஏதாவது திறந்த வயல் பார்த்து நிறுத்துங்கள். போய் இறங்கியதும் கூடையைத் திறந்துவிடாதீர்கள். கால் மணி நேரம் வெளிச்சம் படும்படி வைத்து, வண்டி ஆட்டம் தணிந்த பிறகு திறப்பது நல்லது.

பனி, மேகம் இருந்தால்?

திரும்பி வந்துவிடுங்கள். பெட்ரோல் காசு போகட்டும்.

இதை நான் படித்தது காசு கொடுத்துத்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், பதினெட்டுக் குஞ்சுகளை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு நாயுடுபேட்டை போனேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எட்டரைக்கு வேலைக்கு நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது வானம் பால் கொட்டிய மாதிரி. பனைமரத்தின் அடி தெரிகிறது, தலை தெரியவில்லை. ஏழு மணிக்குள் விலகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறேகாலுக்குத் திறந்துவிட்டேன். இரண்டு சுற்று சுற்றின. மூன்றாவது சுற்றில் இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. மாலைக்குள் ஏழு வந்தன, மறுநாள் மூன்று. மீதி எட்டு போனதுதான். அந்த எட்டில் நான் ரொம்ப நம்பியிருந்த ஒரு செக்கர் (இறக்கையில் கட்டம் போட்ட நிறம்) பெண்புறாவும் உண்டு. பனி எட்டு மணிக்கு விலகியதாக, அங்கே டீக்கடை வைத்திருப்பவர் பிறகு சொன்னார்.

காற்று பற்றிச் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து தெற்கே வருகிற பறவைக்கு வாடைக்காற்று முதுகில் தள்ளும். மார்கழி, தை மாதங்களில் குஞ்சுகள் பறந்து வரும் வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பாதி வேகம் காற்றுடையது. மாசி கடைசி, பங்குனியில் தெற்கிலிருந்து காற்று திரும்பும்போது அதே தூரத்துக்கு அரை மணி கூட ஆகலாம். அப்போது எதிர்காற்றில் தாழ்வாக, வயலை ஒட்டிப் பறந்து வரும் புறாவைக் கவனித்து வையுங்கள். என் கணக்கில் நல்ல புறா அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் டாஸ் என்ற பேச்சே வேண்டாம்.

அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது? நாம்தான் வழி சொல்லிக்கொடுக்கிறோமா?

நாம் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. சூரியனை வைத்துத் திசை பார்க்கும், ஆனால் உள்ளே ஒரு கடிகாரமும் ஓடுகிறது. விளக்கைப் போட்டும் அணைத்தும் அந்தக் கடிகாரத்தை ஆறு மணி நேரம் மாற்றி வைத்துவிட்டு வெயிலில் விட்டால், புறா ஏறக்குறைய 90 டிகிரி தப்பாகத் திரும்பும். 1971ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கீட்டன் புறாக்களின் மேல் சின்னக் காந்தம் கட்டிப் பார்த்தார். வெயில் நாளில் அவை கவலைப்படாமல் வீட்டுப் பக்கம் திரும்பின. மேகம் மூடிய நாளில் குழம்பின. அதாவது சூரியன் இல்லாதபோது பூமியின் காந்தம் கைகொடுக்கிறது. அதே காலத்தில் இத்தாலியில் ஃப்ளோரியானோ பாப்பி, மோப்பம் தடுக்கப்பட்ட புறாக்கள் தெரியாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறுவதைக் காட்டினார். மாடியில் வீசும் காற்றின் வாசனையைக்கூட அவை நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பது அவர் கருத்து. குஞ்சைக் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்து வளர்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழகிய பாதையில் இதெல்லாம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் புறாக்களின் முதுகில் ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தபோது, பல நேரம் அவை நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டே போய், சந்திப்பு வந்ததும் திரும்பின. எங்கள் புறாக்களும் ரயில் பாதையை ஒட்டி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூட்டமாக விடுவதா, ஒவ்வொன்றாக விடுவதா?

முதலில் கூட்டம். இருபது கிலோமீட்டர் நன்றாகப் பழகிய பிறகு, கிட்டத்துக்குத் திரும்பி வந்து மூன்று மூன்றாக, அப்புறம் தனித்தனியாக. கூட்டத்தில் ஒன்றிரண்டுதான் வழி பிடிக்கும், மீதி பின்னால் வரும். பந்தயத்தில் நூற்றுக்கணக்கான புறாக்கள் ஒன்றாக எழும்பும்போது, நம் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கூட்டத்தைவிட்டு விலகத் தைரியம் வேண்டும். எங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். சென்னைப் புறாக்களோடு சேர்ந்து வந்தால் அவை தெற்கே போய்க்கொண்டே இருக்கும், நம்முடையது பாதி வழியில் இறங்க வேண்டும். தனியாக விட்டுப் பழகாத என் புறாக்கள் இரண்டு எண்ணூர் வரை போய்விட்டு மதியத்துக்கு மேல் திரும்பின. எண்ணூரில் ஒருவர் ரிங் எண்ணைப் படமெடுத்து அனுப்பியதால் தெரியும்.

புறாவை வேட்டையாடும் பைரிப் பறவையை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வாத்தும் உள்ளானும் வரும்போது பின்னாலேயே பைரியும் வரும். பாய்கிற வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். புறாவின் வேகம் அறுபது, எழுபது. அதைச் சுடுவதும் கண்ணி வைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் செய்யக்கூடியது, தினமும் ஒரே நேரத்தில் பறக்கவிடாமல் மாற்றிக்கொள்வது, பைரி தெரிந்த இடத்தில் கூடையைத் திறக்காமல் இருப்பது, நோய்ப்பட்ட புறாவைக் கூட்டத்தோடு அனுப்பாமல் இருப்பது. அடிபட்டுத் தப்பி வந்த குஞ்சுக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள். பயம் தெளிய அவ்வளவு ஆகும்.

பைரியைவிட அதிகம் என் புறாக்களைக் காயப்படுத்தியது மாஞ்சா நூல்.

ராக்கெட் சத்தத்துக்குப் பயப்படுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது எங்கள் ஜன்னல் அதிரும். புறாக்கள் ஒரு கணம் கழுத்தை நீட்டும், அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு நான் குஞ்சுகளைத் திறப்பதில்லை. இதற்குக் காரணம் கேட்காதீர்கள், என் பயம்.

வராத குஞ்சை எப்படித் தேடுவது?

இறக்கையின் உள்பக்கத்தில் போன் எண் முத்திரை குத்திவிடுங்கள். ரிங்கைப் பார்த்து உரியவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் புறாக்காரர்கள் மட்டுமே. எண்ணைப் பார்த்தால் யாரும் கூப்பிடுவார்கள். எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி தெலுங்கில்தான் வரும்: "மீ பாவுரம் மா இன்ட்லோ உந்தி." உங்கள் புறா எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லைப் பக்கம் புறா வளர்க்க இந்த ஒரு வாக்கியமாவது தெரிந்திருக்க வேண்டும். எடுத்து வைத்தவரிடம் தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தங்கித் தேறியதும் அங்கிருந்தே விட்டுவிடச் சொன்னால் பெரும்பாலும் தானே வந்துவிடும்.

தீனி என்ன? நோய் வந்தால்?

கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பச்சைப்பயறு, பட்டாணி கலந்து. நீண்ட டாஸுக்கு இரண்டு நாள் முன்பிருந்து மக்காச்சோளத்தைக் கூட்டி, பச்சை நிலக்கடலை நாலைந்து கொடுக்கலாம். கிளிஞ்சல் தூள், செங்கல் தூள், கரித்தூள் எப்போதும் ஒரு தட்டில் இருக்கட்டும். எங்களுக்குக் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை.

காலையில் கூண்டைத் திறந்ததும் புறாவைப் பார்க்கும் முன் எச்சத்தைப் பாருங்கள். உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல இருந்தால் சரி. பச்சைத் தண்ணீராக இருந்தால் அன்று டாஸ் கிடையாது. தொண்டையில் மஞ்சள் கட்டி, கழுத்து முறுக்கிக்கொள்வது, இந்த இரண்டையும் பார்த்தவுடன் அந்தப் புறாவைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழுத்து முறுக்கும் வைரஸ் நோய்க்கு, வந்த பிறகு மருந்து இல்லை. டாஸ் ஆரம்பிக்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்காதீர்கள்.

பந்தயத்தில் யார் முதலில் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? எல்லார் வீடும் ஒரே தூரத்தில் இல்லையே?

அதனால்தான் வேகத்தைப் பார்க்கிறார்கள். விட்ட இடத்துக்கும் உங்கள் கூண்டுக்கும் உள்ள வான்வழித் தூரத்தை மீட்டரில் எடுத்து, பறந்த நிமிடங்களால் வகுப்பது. உதாரணத்துக்கு, 1,10,000 மீட்டரை 100 நிமிடத்தில் வந்தால் நிமிடத்துக்கு 1,100 மீட்டர்.

இதில் பணம் வருமா?

2020ல் நியூ கிம் என்ற பெல்ஜியப் பெண்புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது உண்மை. எனக்கு மாதா மாதம் தீனிச் செலவு வருகிறது, அதுவும் உண்மை. பணம் கட்டிப் பந்தயம் வைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதினோரு நாள் கழித்து ஒரு குஞ்சு திரும்பி வந்தது, இளைத்துப்போய். அதை மறுபடி விடலாமா?

கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை மாதிரி தட்டுப்பட்டால் அன்றைக்கு நிறையத் தீனி போடாதீர்கள். கொஞ்சம் சர்க்கரை கலந்த தண்ணீர், சின்னத் தானியம், தனிக் கூண்டு. இறக்கையை விரித்துப் பெரிய இறகுகள் பத்தையும் எண்ணுங்கள், நூல் அறுத்த காயம் இருக்கிறதா என்று தோள்மூட்டில் பாருங்கள். மூன்று வாரத்தில் உடம்பு தேறும். அப்புறம் தடாவிலிருந்து ஆரம்பியுங்கள், முதல் டாஸ் மாதிரியே. என்னிடம் அப்படி வந்த ஒன்று இப்போது நாலு வயது. நாயுடுபேட்டைப் பனியில் காணாமல் போன எட்டை நினைத்து அதை நான் நெல்லூருக்கு அப்பால் அனுப்புவதில்லை.